ஆக்சிலேட்டர் பெடல் சென்சார் பழுதா? புதியது வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடலை அழுத்தினாலும் கார் வேகமெடுக்க மறுக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது. வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தவுடன் "பெடல் சென்சார் போய்விட்டது, அசெம்பிளியாக மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் புதிய பெடல் போட்ட பிறகும் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. ஸ்கேனர் காட்டும் எண் எந்த வயரில் மின்னழுத்தம் தவறாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் காரில் இந்தச் சென்சார் இருக்கிறதா?

பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை மின்னழுத்தமாக மாற்றி என்ஜினின் கணினிக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சார். பெடலின் மேல்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியும் அதில் செருகிய வயர் கனெக்டரும் தெரிந்தால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு எஃகுக் கேபிள் என்ஜின் பக்கம் போனால் பெரும்பாலும் இல்லை. மாருதி 800, அம்பாசடர் போன்ற பழைய கார்கள் கேபிள் வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறையும் உண்டு: பெடலில் கேபிள் இருக்கும், ஆனால் அது என்ஜின் பக்கத்தில் பொருத்திய சென்சாரைத்தான் இழுக்கும். அந்த வகைக் கார்களில் காலடியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

காமன் ரயில் (கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் அமைப்பு) டீசல் கார்கள் பெரும்பாலானவற்றிலும், இப்போது விற்கும் பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையே வயர் தொடர்பு மட்டும்தான்.

பெடல் ஒன்றுதான். அதற்கு ஏன் இரண்டு சென்சார், ஆறு வயர்?

ஒன்று பொய் சொன்னால் இன்னொன்றை வைத்துக் கண்டுபிடிக்கத்தான். ஓட்டுநர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதை என்ஜினின் கணினி (ஈசியூ) வயர் வழியாக மட்டுமே அறிகிறது. ஒரே ஒரு சிக்னலை நம்பியிருந்தால், அந்த வயர் எங்காவது ஒட்டிக்கொண்டு அதிக மின்னழுத்தம் காட்டும்போது, ஓட்டுநர் முழுதாக அழுத்துகிறார் என்று கணினி நினைத்துவிடும். எனவே ஒரே பெட்டிக்குள் தனித்தனி மின்சுற்றுடன் இரண்டு சென்சார்களை வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் ஒரு வயர், எர்த் ஒரு வயர், சிக்னல் ஒரு வயர். ஆக மொத்தம் ஆறு.

இரண்டு சிக்னல்களும் ஒரே அளவில் இருக்காது. அப்படி இருந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் கணினிக்குத் தெரியாது. அதனால் வேண்டுமென்றே வேறுபடுத்துகிறார்கள். ஐரோப்பிய வடிவமைப்புகள் பலவற்றில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் சரிபாதி: பெடலைத் தொடாதபோது ஒன்று 0.75 வோல்ட் என்றால் மற்றது 0.37 அளவில் இருக்கும். பாதி அழுத்தத்தில் 2, 1 என்று போகும். டொயோட்டா வகையில் பாதிக் கணக்கு கிடையாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டு ஏறும்: கால் வைக்காதபோது முதலாவது 0.5 முதல் 1.1 வரை, இரண்டாவது 1.2 முதல் 2.0 வரை. சில பழைய வடிவமைப்புகளில் ஒன்று ஏற மற்றது இறங்கும். மூன்று சிக்னல் வைத்தவர்களும் உண்டு.

உங்கள் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் அளந்துவிட்டு "ஒன்று பாதிதான் காட்டுகிறது, அதனால் சென்சார் போச்சு" என்று நல்ல பெடலைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் நுட்பமும் இரண்டு விதம். பழையதில் கார்பன் பூசிய தடத்தின் மேல் சிறிய உலோக விரல் உரசிக்கொண்டு நகரும். தடம் தேயத் தேய, தேய்ந்த இடத்தில் மட்டும் சிக்னல் விட்டுவிடும். புதியதில் காந்தமும் அதன் நகர்வை உணரும் ஹால் சிப்பும் இருக்கும், அல்லது செப்புச் சுருள்கள் இருக்கும். இவற்றில் உரசல் இல்லை, எனவே தேய்மானமும் இல்லை.

பழுதானால் கார் எப்படி நடந்துகொள்ளும்?

ஒரு சிக்னல் மட்டும் போனால் கணினி மற்றதை வைத்துச் சமாளிக்கும். கார் ஓடும், ஆனால் மந்தமாக, பெடலை மிதித்தால் தாமதித்து ஏறும். இரண்டும் போனாலோ, இரண்டில் எது சரி என்று கணினியால் முடிவு செய்ய முடியாமல் போனாலோ, பெடலையே மறந்துவிட்டு என்ஜினை நிலையான சுற்றில் நிறுத்திவைக்கும். டீசல் கார்களில் ஐடில் (கால் வைக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்பது அதனால்தான். கியர் போட்டு மெதுவாக ஊர்ந்து வீடு போய்ச் சேரலாம், அவ்வளவே.

பெடல் பழுதுக்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு. கோளாறு திடீரென்று வரும், சாவியை அணைத்துப் போட்டால் மாயமாகும். சுவிட்சைப் போட்டு அணைத்தது போல நடக்கும். படிப்படியாகப் பிக்கப் குறைந்துகொண்டே வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

வேறு எந்தெந்தக் கோளாறுகள் இதைப் போலவே தோன்றும்?

மேட்டில் ஏறும்போது, சுமையோடு போகும்போது மட்டும் திணறினால் டீசல் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். வேகமெடுக்கும்போது விசில் போன்ற சத்தமும் கறும்புகையும் வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம். ஐடிலில் சுற்று ஏறி இறங்கி ஆடினால் த்ராட்டில் பாடியில் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி படிந்திருக்கலாம். இந்த மூன்றுமே பெடல் சென்சார் கோடுகளை, அதாவது ஸ்கேனர் காட்டும் பிழை எண்களை, பதிவு செய்வதில்லை. எனவே கோடே இல்லாமல் "எதற்கும் பெடலை மாற்றிப் பார்ப்போம்" என்பது காசைக் கரியாக்கும் யோசனை.

பிரேக் சுவிட்ச்சின் கதை வேறு. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஸ்கேனரில் வரும் எண்களுக்கு என்ன பொருள்?

பெடல் சென்சார்களுக்கு 'டி' (D), 'இ' (E) என்று பெயர். எண்ணின் முன்னால் வரும் 'பி' ஆங்கில P. இவற்றைச் சுற்றித்தான் எண்கள் வரும்.

பி2122, பி2127: முறையே டி, இ சிக்னலின் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், பாடியில் ஒட்டியிருக்கலாம், 5 வோல்ட் வந்து சேராமல் இருக்கலாம்.

பி2123, பி2128: மின்னழுத்தம் மிக அதிகம். இங்கே பலரும் தவறவிடும் ஒன்று எர்த். சென்சாரின் எர்த் வயர் விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். சென்சார் நன்றாகவே இருக்கும், குற்றவாளி எர்த்.

பி2138: இரண்டு சிக்னலும் தனித்தனியே பார்த்தால் எல்லைக்குள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று கணக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கு மிகவும் சந்தேகம் தரும் எண் இதுதான். கனெக்டர் முள்ளில் படிந்த பச்சைக் களிம்பு ஒரு பக்கத்தில் சிறிது மின்தடையைக் கூட்டினாலே போதும், இது வந்துவிடும்.

பி2135 வந்தால் நிதானியுங்கள். அது பெடல் இல்லை; த்ராட்டில் பாடியில் இருக்கும் இரட்டைச் சென்சார்களின் கணக்குப் பிழை. எண் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பெடலை மாற்றிவிடுகிறார்கள்.

பி0641, பி0651 ஆகியவை கணினி தரும் 5 வோல்ட்டிலேயே கோளாறு என்று பொருள். இவை பெடல் கோடுகளோடு சேர்ந்து வந்தால் முதலில் இவற்றைத்தான் துரத்த வேண்டும்.

எதையும் அழிப்பதற்கு முன் எண்களை எழுதி வையுங்கள். கோடு பதிவான அந்த நொடியில் வண்டியின் வேகம், என்ஜின் சுற்று, வெப்பநிலை என்னவாக இருந்தன என்பதையும் ஸ்கேனர் சேமித்து வைத்திருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "அழித்துவிட்டேன், திரும்ப வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லும் மெக்கானிக் தன் கையில் இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிட்டார்.

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஸ்கேனரோடு இணைத்த கைப்பேசி ஆப்பில் 16% காட்டுகிறது. பெடல் ஒட்டிக்கொண்டதா?

இல்லை. 0.8 வோல்ட் என்பது 5 வோல்ட்டில் 16 விழுக்காடு. தொடாத பெடல் பூஜ்யம் காட்டாது, காட்டவும் கூடாது. பூஜ்யம் வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் "வயர் அறுந்தது", "வயர் ஒட்டியது" என்ற செய்திகளுக்காகக் கணினி ஒதுக்கி வைத்திருக்கிறது. அதே காரணத்தால் முழுதாக மிதித்தாலும் 100% வராது.

பூஜ்யத்திலிருந்து நூறு வரை காட்டும் வேறொரு அளவும் ஆப்பில் இருக்கலாம். அது கணினி கணக்குப் போட்டுத் திருத்திய எண். சோதனைக்கு அது உதவாது. டி, இ என்று தனித்தனியே வரும் அளவுகள்தான் வேண்டும்.

சாதாரண புளூடூத் ஸ்கேனரும் கைப்பேசியும் போதுமா?

முதல் கட்டத்துக்குப் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் கனெக்டரில் மாட்டி, சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். ஆப்பில் பெடல் டி, பெடல் இ ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, வரைபடமாகக் காட்டச் சொல்லுங்கள். பத்து அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால் மலிவான ஸ்கேனர் திணறி, ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும். இரண்டு மட்டும் என்றால் வேகமாகக் காட்டும்.

இப்போது பெடலை மெல்ல அழுத்துங்கள். கீழே போய்ச் சேர எட்டுப் பத்து விநாடி ஆகட்டும். அதே நிதானத்தில் விடுங்கள். வரைபடத்தின் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க வேண்டும். நடுவில் ஒரு கோடு மட்டும் கீழே விழுந்து எழுந்தாலும், ஓரிடத்தில் படிக்கட்டு போல நின்று குதித்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அதே அழுத்தத்தில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் தேய்ந்த தடம், கோளாறு பெடலுக்குள்தான். விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் வயர் அல்லது கனெக்டர்.

இன்னொன்று: பெடலை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரை அமர்த்தி, கனெக்டரையும் அதற்கு மேலே போகும் வயர்க் கட்டையும் ஆட்டச் சொல்லுங்கள். பெடல் அசையாதபோது வரைபடக் கோடு துடித்தால் பெடலை மாற்றிப் பயனில்லை.

ஸ்கேனர் காட்டாத அளவு நொடிப்பொழுதில் வந்து மறையும் துடிப்புகளும் உண்டு. அவற்றைப் பிடிக்க, மின்னழுத்தத்தை நொடிக்கு நொடி வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். இந்தியாவில் விற்ற கார்களில் ஓபிடி (கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் அமைப்பு) இரண்டாம் நிலை 2013 ஏப்ரலில் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் சாதாரண ஆப் பெடல் அளவுகளைக் காட்டாமல் போகலாம். அந்தக் காருக்கே உரிய ஸ்கேனர் தேவைப்படும்.

மல்டிமீட்டரால் எப்படி அளப்பது?

வயரைக் குத்திப் பார்க்காதீர்கள். குத்திய ஓட்டை வழியாக ஈரம் ஏறி, சில மாதங்களில் அங்கேயே செம்பு கறுத்துப்போகும். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, அதைத் தொட்டு அளக்க வேண்டும். முன்புறம், அதாவது பெண் முள்ளுக்குள், மீட்டர் கம்பியைத் திணித்தால் முள்ளின் பிடி தளர்ந்துவிடும். சோதனை செய்யப்போய்ப் புதிய கோளாறை உண்டாக்கியது போல ஆகும்.

சாவியைப் போட்டு, என்ஜின் நிற்கும் நிலையில் மூன்று வரிசையாகப் பாருங்கள். முதலில் 5 வோல்ட் வயர்கள் இரண்டும், ஒவ்வொன்றும் 4.9 முதல் 5.1 வரை இருக்க வேண்டும். அடுத்து எர்த்: மீட்டரின் ஒரு முனையை சென்சாரின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகடிவ்விலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். கடைசியாகத்தான் சிக்னல்: பெடலை அழுத்திக்கொண்டே இரண்டையும் அளந்து, மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள்.

முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது தவறினால் மட்டுமே பெடலைக் குற்றம் சொல்லலாம். அப்போதும், கனெக்டரில் அளந்த சிக்னல் சரியாக இருக்க, ஸ்கேனரில் மட்டும் தவறாகத் தெரிந்தால், பெடலிலிருந்து கணினிவரை போகும் வயரில் கோளாறு. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த வயரின் இரு முனைகளுக்கிடையே மின்தடை பாருங்கள். ஓர் ஓமுக்கும் குறைவாக வர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. 12 வோல்ட் பல்பு வைத்த சோதனை விளக்கை இந்த வயர்களில் தொடவே கூடாது; அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்க 5 வோல்ட் சுற்று அமைக்கப்படவில்லை. ஹால் வகைச் சென்சாரில் ஓம் மீட்டர் வைத்துப் பார்த்து "ஓம் காட்டவில்லை, போய்விட்டது" என்று முடிவு கட்டுவதும் அர்த்தமற்றது. அந்தச் சோதனை கார்பன் தடம் உள்ள வகைக்கு மட்டுமே.

காலடியில் குனிந்து வேலை செய்யும்போது மஞ்சள் நிறக் கனெக்டர்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை.

5 வோல்ட்டே வரவில்லை. கணினி போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். கணினி அந்த 5 வோல்ட்டைப் பெடலுக்கு மட்டும் தருவதில்லை. ஒரே கிளையில் ஏசி வாயு அழுத்தச் சென்சார், எரிபொருள் அழுத்தச் சென்சார், மேனிஃபோல்டு அழுத்தச் சென்சார் என்று பலவும் தொங்கலாம். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் கிளை முழுவதும் படுத்துவிடும். அந்தக் கிளையில் இருக்கும் சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுதான் திருடன். ஏசி சென்சாரின் குற்றத்துக்குப் பெடல் தண்டனை அனுபவிப்பது அப்படித்தான்.

எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயர். வயரும் சரி என்றால் கணினி.

கனெக்டரில் என்ன பார்க்க வேண்டும்?

ஈரம். ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஏசியின் வடிகால் குழாய் தூசியால் அடைபட்டால், வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே வழியும். முன் கண்ணாடிக்குக் கீழே இலைச் சருகு அடைந்த வாய்க்காலில் மழைநீர் நிரம்பினாலும் வயர்க் கட்டின் மேல் ஒழுகி, கனெக்டரில் வந்து சேரும். உட்புறத்தை நுரை போட்டுக் கழுவுகிறேன் என்று பெடல் மேலேயே பீய்ச்சி அடிப்பவர்களும் உண்டு.

நான் பார்த்த ஒரு டீசல் காரில் பி2138 மாதக் கணக்கில் வந்து வந்து போனது. உரிமையாளர் இரண்டாவது பெடலுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, ஆறு முட்களில் ஐந்து பளபளப்பாக இருந்தன. ஓரத்து முள்ளின் அடியில் மட்டும் கடுகளவு பச்சைக் களிம்பு. அதன் வயரைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் பாதி வெளியே பிதுங்கியிருந்தது. கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் ஈரம் கசிந்து நாற்றம். சொட்டியது ஏசி நீர். குழாயில் காற்று ஊதி அடைப்பை எடுத்து, அந்த ஒரு முள்ளை மாற்றியதோடு கோடு நின்றது.

கனெக்டரைக் கழற்றும்போது முதலில் சாவியை அணையுங்கள். மின்தொடர்புக்கென்றே விற்கும் துப்புரவு ஸ்பிரேயைப் பயன்படுத்துங்கள். பல இயந்திரப் பணிகளுக்கும் ஆகும் எண்ணெய் ஸ்பிரே எச்சம் விடும். முள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதே அளவு ஆண் முள் ஒன்றைச் செருகி இழுத்தால் சிறிய பிடிப்பு தெரிய வேண்டும்.

எலியை மறக்கக் கூடாது. நிறுத்தியே வைத்திருந்த காரில் கோடு வந்தால், பெடலுக்கு முன் பானெட்டைத் திறந்து கணினிக்குப் போகும் வயர்க் கட்டைப் பாருங்கள். புழுக்கையும் நறுக்கிய நுரைத் துணுக்குகளும் கிடந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

பிரேக் சுவிட்ச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால், ஓட்டுநர் நிற்க விரும்புகிறார் என்று கணினி எடுத்துக்கொண்டு என்ஜினை அடக்கிவிடும். இந்தப் பாதுகாப்பு இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்ச் தேய்ந்து, கால் வைக்காமலேயே "பிரேக் அழுத்தப்பட்டது" என்று சொன்னால், நல்ல ஆக்சிலேட்டர் பெடலும் செத்துப்போனது போலத் தோன்றும். இந்தச் சுவிட்ச்சுக்குள்ளும் இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று விளக்குக்கு, மற்றது கணினிக்குச் சரிபார்க்க. இரண்டும் முரண்பட்டால் பி0504 வரும்.

சோதனை எளிது. இரவில் காரை ஒரு சுவருக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். காலைத் தூக்கிய பிறகும் சுவரில் சிவப்பு வெளிச்சம் தங்கினால், அல்லது பெடலைச் சற்றுத் தட்டினால் விட்டு விட்டு எரிந்தால், சுவிட்ச்தான். பெடல் அசெம்பிளியோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

இடது காலைப் பிரேக் மேல் வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே தொல்லை வரும். அங்கே பழுது காரில் இல்லை.

வெயிலில் நின்ற பிறகு மட்டும் வருகிறது. ஒர்க்‌ஷாப் போனால் வருவதில்லை. என்ன செய்வது?

சூட்டில் விரியும்போது விடும் சால்டர் இணைப்பு, அல்லது சிப். தலைமுடி உலர்த்தும் கருவியால் பெடலின் பெட்டியை மட்டும் மிதமாகச் சூடேற்றிக்கொண்டே வரைபடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் இளகும் அளவுக்கு வேண்டாம். பெட்டியைச் சூடேற்றும்போது சிக்னல் குலைந்து, ஆறியதும் சரியானால் பெடல்தான் பழுது. இதில் வயர் மேல் பழி போட இடமில்லை.

சுத்தம் செய்தால் பெடல் சரியாகுமா?

கனெக்டரைச் சுத்தம் செய்தால் ஆகலாம். பெட்டியைப் பிளந்து உள்ளே சுத்தம் செய்வது வேண்டாம். அது ஒட்டி மூடப்பட்ட பொருள். மறுபடி மூடினால் முன்பிருந்த துல்லியம் வராது. ஓட்டுநரின் உயிர் தொங்கும் இடத்தில் சிக்கனம் காட்டக் கூடாது.

பிக்கப்பைக் கூட்டும் பெட்டி ஒன்றைப் பெடலில் மாட்டியிருக்கிறேன். அது காரணமாக இருக்குமா?

முதலில் அதைக் கழற்றுங்கள். பெடலுக்கும் வயருக்கும் நடுவே புகுந்து சிக்னலை மாற்றிச் சொல்வதுதான் அதன் வேலையே. அது இருக்கும்வரை நீங்கள் அளக்கும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. என்ஜினின் சக்தியை அது ஒரு துளிகூடக் கூட்டுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். கால்வாசி அழுத்தினால் பாதி அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

காயலான் கடைப் பெடல் வாங்கலாமா?

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பெடல்கள் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் உடலில் அச்சிட்ட பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மாடலின் பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் பெடல் பார்க்க ஒன்றாக இருக்கும், போல்ட்டும் கனெக்டரும் கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே வோல்ட் கணக்கு மட்டும் வேறாக இருக்கும். போட்டவுடன் பி2138 வரவேற்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றியதா என்று முட்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கார்பன் தடம் உள்ள வகையைப் பழையதாக வாங்காதீர்கள். உங்களுடையது எவ்வளவு தேய்ந்ததோ அதுவும் அவ்வளவு தேய்ந்திருக்கும்.

மாற்றுவது கடினமா? மாற்றிய பின் ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா?

இரண்டு மூன்று போல்ட், ஒரு கனெக்டர். சாவியை அணைத்து, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தரைவிரிப்பு பெடலில் சிக்காமல் இருக்கிறதா என்று மாற்றிய பிறகு ஒருமுறை பாருங்கள்.

பதிவு செய்வது காருக்குக் கார் மாறும். பலவற்றில் ஒன்றுமே தேவையில்லை. நிசான் கார்களில் ஒரு சிறிய சடங்கு உண்டு: பெடலைத் தொடாமல் சாவியைப் போட்டு இரண்டு விநாடி, அணைத்துப் பத்து விநாடி, மறுபடியும் போட்டு இரண்டு, அணைத்துப் பத்து. பெடல் விடுபட்ட நிலை எது என்று கணினி அப்போது கற்றுக்கொள்கிறது. ஐரோப்பிய ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் முழு அழுத்த நிலையை ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்தப் பழுதோடு ஓட்டலாமா? நெடுஞ்சாலையில் வந்தால் என்ன செய்வது?

ஒர்க்‌ஷாப்வரை, மெதுவாக, இடப்பக்கமாகவே. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே திடீரென்று வேகம் இழப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. அப்படி நடந்தால் நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, இருக்கும் வேகத்திலேயே ஓரத்துக்கு உருட்டிச் செல்லுங்கள். முழுதாக நின்ற பிறகு சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் பெரும்பாலும் சக்தி திரும்பும். அந்தத் தயவை நம்பி மலைப்பாதை ஏறாதீர்கள்.

சென்சார் பழுதால் கார் தானாகப் பாயுமா?

இரட்டைச் சிக்னல் அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. இந்தக் கேள்வி உலகம் முழுவதும் எழுந்த காலம் 2009, 2010. அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாகப் பாய்கின்றன என்ற புகார்களால், பெடலில் தரைவிரிப்பு சிக்குவதற்காக ஒருமுறையும், பெடலே ஒட்டிக்கொள்வதற்காக இன்னொருமுறையும் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2010 ஜனவரியில் அறிவித்த இரண்டாவது அழைப்பில் மட்டும் சுமார் 23 லட்சம் வண்டிகள். மின்னணுக் கோளாறு இருக்குமோ என்று ஆராய அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாசாவின் பொறியாளர்களை அமர்த்தியது. 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, கார் பெரிய அளவில் தானாகப் பாய்வதற்கான மின்னணுக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றது.

ஆனால் பெடல் சென்சாரைப் பற்றி அதில் சுவையான செய்தி ஒன்று இருந்தது. பழுதான ஒரு கேம்ரி பெடலைத் திறந்து பார்த்தபோது, உலோகப் பூச்சிலிருந்து தானாக வளர்ந்த, மயிரிழையைவிட மெல்லிய வெள்ளீய இழை ஒன்று இரண்டு சிக்னல்களுக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது. அது கார்பன் தடம் உள்ள வகை. இரண்டு சிக்னலுக்கும் வேறு வேறு வோல்ட் வைப்பது இப்படிப்பட்ட ஒட்டுதலைக் கணினி கண்டுகொள்ளத்தான்.

எந்தக் காரணத்தாலோ கார் பாய்ந்தால்: பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். உடனே நியூட்ரல். என்ஜின் அலறட்டும், கவலை வேண்டாம். ஓடும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

புதிய பெடல் போட்டும் அதே கோடு வருகிறது. இனி?

பழைய பெடலைத் தூக்கி எறியாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

பிறகு வரிசையாக: எர்த் சோதனை, பெடலிலிருந்து கணினிவரை ஒவ்வொரு வயரும், கணினிப் பக்கக் கனெக்டரின் முட்கள். புதிய பெடலின் பாக எண்ணும் ஒருமுறை. ஒர்க்‌ஷாப்பில் "5 வோல்ட் எவ்வளவு வந்தது, எர்த்தில் எவ்வளவு, இரண்டு சிக்னலும் எவ்வளவு" என்று கேட்டு, பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்தவர் உடனே சொல்வார். அளக்காதவர் அடுத்து த்ராட்டில் பாடியை மாற்றலாம் என்பார். அந்த இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனைத் தேடிப் போங்கள்.